தானாக மாறிக்கொள்ளும் நெட்வொர்க் தானாகவே விழுவது ஏன்?

"சூழலுக்கேற்ப மாறிக்கொள்ளும், அடிபட்டாலும் எழுந்து நிற்கும் தகவல்தொடர்பு நெட்வொர்க்குகளை ஆராய்கிறோம் என்று பல ஆய்வகங்கள் சொல்கின்றன. உண்மையில் அதில் என்ன ஆராய்கிறார்கள்? ஒரு வழி போனால் இன்னொரு வழி என்று நாலு இணைப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது இல்லையா? இப்போது எல்லாவற்றையும் ஏஐ பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே, புதிதாக வரும் மாணவருக்கு இதில் வேலை மிச்சம் இருக்கிறதா?" இதுதான் கேள்வி.

நாலு இணைப்பைக் கூடுதலாகப் போடும் பகுதி பெருமளவு தீர்ந்துவிட்டது. எப்போது மாறுவது, எவ்வளவு வேகமாக மாறுவது, யார் பேச்சைக் கேட்டு மாறுவது, மாறச் சொல்லும் பகுதியே கெட்டுப்போனால் என்ன செய்வது: வேலை முழுவதும் அங்கேதான் கிடக்கிறது. பெயர் பெற்ற முடக்கங்களின் அறிக்கைகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஆரம்பப் பழுது சின்னதாக இருக்கும். அதைச் சமாளிக்க வைத்திருந்த ஏற்பாடுதான் அதை நெட்வொர்க் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். மாறிக்கொள்ளும் திறனும் மீண்டெழும் திறனும் ஒரே தலைப்பில் சேர்ந்தே வருவதால், ஒன்று இருந்தால் மற்றது தானே வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் ஒன்று மற்றதன் காலை வாரிவிடுகிறது.

முதலில் தீர்ந்த பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் இருந்த பால் பாரன் 1960களின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட கேள்வி இது: அணுகுண்டு விழுந்து ஏகப்பட்ட நிலையங்கள் போனபிறகும், மிச்சமிருப்பவை ஒன்றோடொன்று பேச முடியுமா? 1964-இல் வந்த அவருடைய தொடர் அறிக்கைகளின் பதில் தெம்பூட்டுவது. எல்லா நிலையங்களையும் இணைக்கக் குறைந்தபட்சம் எத்தனை இணைப்பு வேண்டுமோ அதைப்போல மூன்று நான்கு மடங்கு இருந்தாலே போதும். அதற்கு மேல் போடுவதில் லாபம் சொற்பம். செய்தியைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு நிலையமும் அந்த நேரத்தில் எது நல்ல வழி என்று பார்த்து அனுப்பிவிடும் முறையையும் அவர் அதில் விவரித்தார். பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தத் துண்டுக்குப் 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். (இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டே அணு ஆயுதப் போரைத் தாங்கக் கட்டியது என்று ஒரு கதை சுற்றுகிறது. கட்டியவர்களே அதை மறுத்திருக்கிறார்கள். தொலைவில் இருக்கும் கணினிகளைப் பலரும் பங்குபோட்டுப் பயன்படுத்தத்தான் அது வந்தது.)

இனி தீராத பகுதி. 1980 அக்டோபர் 27 அன்று ஆர்பாநெட் முழுவதும் சில மணி நேரம் செயலற்றுக் கிடந்தது. எந்தக் கேபிளும் அறுந்து அதற்குக் காரணமாகவில்லை. ஆர்பாநெட்டின் ரவுட்டர்களைக் கட்டிய பிபிஎன் நிறுவனத்தின் எரிக் ரோசன் எழுதிய விசாரணை அறிக்கை, ஆர்எஃப்சி என்ற நெட்வொர்க் ஆவண வரிசையில் 789 என்ற எண்ணில் 1981-இல் வெளிவந்தது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர் முதலில் படிக்க வேண்டியது எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

பாக்கெட்டுகளுக்கு வழி பார்த்து அனுப்பும் பெட்டிதான் ரவுட்டர். அன்றைய ரவுட்டர்களுக்கு ஐம்ப் என்று பெயர். ஒவ்வொரு ஐம்ப்பும் தன் இணைப்புகளின் நிலவரத்தை அவ்வப்போது எல்லோருக்கும் அறிவிக்கும். எது பழைய அறிவிப்பு, எது புதியது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் 6 பிட் வரிசை எண் இருக்கும். 0 முதல் 63 வரை போய்த் திரும்ப 0. எண் சுற்றி வருவதால் பெரிய எண்தான் புதியது என்று சொல்லிவிட முடியாது. அதனால் சுற்றில் 32 படிக்குள் முன்னால் நிற்பது புதியது என்று விதி வைத்தார்கள். அன்று ஒரு ஐம்ப்பின் நினைவகம் பிட்டுகளை உதிர்க்க ஆரம்பித்தது. 44 என்ற எண் இருமத்தில் 101100. அதில் ஒரு பிட் உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொன்றும் உதிர்ந்தால் 001000, அதாவது 8. இப்படி ஒரே ஐம்ப்பின் பெயரில் 44, 40, 8 என்று மூன்று அறிவிப்புகள் ஒரே சமயத்தில் உலவத் தொடங்கின.

இப்போது அந்த விதியைப் போட்டுப் பாருங்கள். 8-இலிருந்து 32 படியில் 40 இருக்கிறது, எனவே 8-ஐவிட 40 புதியது. 40-ஐவிட 44 புதியது. 44-இலிருந்து சுற்றி வந்தால் 28 படியில் 8 வந்துவிடும், எனவே 44-ஐவிட 8 புதியது. இதற்கு முடிவே கிடையாது. ஒவ்வொரு ஐம்ப்பும் மூன்றையும் மாறி மாறிப் புதியது என்று ஏற்றுக்கொண்டு பக்கத்து ஐம்ப்புகளுக்கெல்லாம் அனுப்பியது. அவையும் அதையே செய்தன. நிலவர அறிவிப்புக்குப் பயனர் தரவைவிட முன்னுரிமை உண்டு. ஆகவே வேறு எந்த வேலைக்கும் நேரமும் இல்லை, இடமும் இல்லை.

கம்பியில் போகும்போது பிழையைக் கண்டுபிடிக்கச் செக்சம் (தரவோடு சேர்த்து அனுப்பும் சரிபார்ப்பு எண்) இருந்தது. ஐம்ப்பின் நினைவகத்துக்குள் தரவு காத்திருக்கும்போது எந்தக் காவலும் இல்லை. ஏதோ ஒரு ஐம்ப்பை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, எழுந்த மறுகணமே பக்கத்து ஐம்ப் அதே மூன்று அறிவிப்புகளையும் கொடுத்துவிடும். கடைசியில், அந்தக் குறிப்பிட்ட ஐம்ப்பின் அறிவிப்புகளைக் கண்டுகொள்ளாதே என்று எல்லா ஐம்ப்புகளுக்கும் ஒரு திருத்தம் போட்டுத்தான் மீட்டார்கள்.

இதற்கு முறையான மருந்தைத் தந்தவர் ராடியா பெர்ல்மன், 1983-இல். வரிசை எண் சுற்றக் கூடாது, தீராத அளவு பெரியதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஆயுள் உண்டு, ஆயுள் தீர்ந்ததும் எல்லோரும் அதைத் தூக்கிப் போட வேண்டும். செக்சம் அறிவிப்போடு கூடவே பயணிக்க வேண்டும். இன்று ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் வழி கண்டுபிடிக்கப் பரவலாகப் பயன்படும் ஓஎஸ்பிஎஃப் ரவுட்டிங்கில் 32 பிட் எண்ணும் ஒரு மணி நேர ஆயுளும் இருப்பதன் பின்னணி இதுதான். இதன் அடியில் இருக்கும் தேவை கொஞ்சம் ஆழமானது: நெட்வொர்க் எவ்வளவு கோணல்மாணலான நிலைக்குப் போயிருந்தாலும், கெட்ட பெட்டியை எடுத்துவிட்டால் மனிதர் கைவைக்காமலே சரியான நிலைக்குத் திரும்ப வேண்டும். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1974-இல் இந்தக் கருத்தைப் பொதுவாக முன்வைத்திருந்தார். பெர்ல்மன் 1988-இல் எம்ஐடி-யில் தந்த முனைவர் பட்ட ஆய்வில் இன்னும் ஒரு படி மேலே போனார்: ஒரு ரவுட்டர் செத்துப் போகாமல் பொய் சொல்லிக்கொண்டு உயிரோடு இருந்தால் என்ன செய்வது? அந்தக் கேள்வி இன்றைக்கும் முழுதாக அடங்கவில்லை.

பத்தே ஆண்டில் இதே கதை வேறு உருவில் வந்தது. 1990 ஜனவரி 15 அன்று ஏடி அண்ட் டி-யின் தொலைதூரத் தொலைபேசி வலை சுமார் 9 மணி நேரம் தடுமாறியது. ஒரு சுவிட்ச் பழுதாகி, தன்னைத்தானே மீட்டுக்கொண்டு, "நான் வந்துவிட்டேன்" என்று பக்கத்து சுவிட்சுகளுக்குச் செய்தி அனுப்பியது. அந்தச் செய்தியைக் கையாளும் சி மொழி நிரலில் 'பிரேக்' வரி ஒன்று தப்பான இடத்தில் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தால் பக்கத்து சுவிட்ச் தடுக்கி விழும். விழுந்து எழுந்து அதுவும் "வந்துவிட்டேன்" என்று சொல்லும். 114 சுவிட்சுகளும் இப்படி ஒன்றையொன்று சாய்த்துக்கொண்டே இருந்தன. எல்லா சுவிட்சிலும் ஒரே மென்பொருள். எத்தனை உபரி சுவிட்ச் இருந்திருந்தாலும் பலன் பூஜ்யம்தான்.

பழுதே இல்லாத நேரத்திலும் தகவமைவு தொல்லை தரும். 1979-80 வாக்கில் ஆர்பாநெட்டின் ரவுட்டிங்கைப் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் பாக்கெட்டுக்கு ஆகும் தாமதத்தை 10 நொடி சராசரியாக அளந்து, தாமதம் குறைந்த வழியில் அனுப்பும் முறை. கேட்க நியாயமாக இருக்கிறது. சுமை குறைவாக இருக்கும்வரை நன்றாகவும் ஓடியது. சுமை ஏறியதும், நெரிசலைப் பார்த்து மேப் ஆப் எல்லா வண்டிகளையும் ஒரே குறுக்குச் சந்துக்குள் அனுப்பினால் என்ன ஆகுமோ அது ஆனது. இந்த இணைப்பு நெரிகிறது என்று எல்லா ஐம்ப்புகளும் ஒரே நேரத்தில் அடுத்ததற்குத் தாவின. அது நெரிந்தது, முதலாவது காலியாகக் கிடந்தது. அடுத்த சுற்றில் எல்லாம் திரும்பத் தாவின. இரண்டு இணைப்பு இருந்தும் எப்போதும் ஒன்றுதான் வேலை செய்தது.

கன்னாவும் ஸிங்கியும் 1989-இல் எழுதிய கட்டுரையில் இதற்கான திருத்தம் இருக்கிறது. 1987-இலேயே அதை ஆர்பாநெட்டில் நிறுவிவிட்டார்கள். புத்திசாலித்தனத்தைக் கூட்டாமல் குறைத்தார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். ஒரு இணைப்பு எவ்வளவு நெரிந்தாலும் அதன் 'செலவு' ஓர் எல்லைக்கு மேல் உயராது. ஒரு தடவையில் இவ்வளவுதான் மாறலாம். பழைய அளவையும் சேர்த்துச் சராசரி பார். அதாவது கண்டதையெல்லாம் உடனே நம்பாதே, நம்பினாலும் ஒரேயடியாகத் தாவாதே. கட்டுப்பாட்டியல் படித்தவர்களுக்கு இது பழகிய சங்கதி: தாமதமாக வரும் தகவலை வைத்துக்கொண்டு பலமாகத் திருத்தினால் ஊசலாட்டம் வரத்தான் செய்யும்.

அடக்கி வாசித்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. எந்த முகவரிக்கு எந்த வழி என்று ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ள வைத்து, இணையத்தின் பெரிய நெட்வொர்க்குகளைத் தைத்து வைத்திருக்கும் பிஜிபி என்ற விதிமுறையை எடுத்துக்கொள்வோம். ஒரு வழி போனால் பிஜிபி உடனே மாற்று வழிக்குப் போய்விடும் என்றுதான் பலரும் நம்பியிருந்தார்கள். லபோவிட்ஸ் குழு 2000-இல் நேரடியாக அளந்து பார்த்தது. மாறி முடிக்கச் சராசரியாகச் சில நிமிடங்கள், சில நேரம் 15 நிமிடம்கூட ஆனது. போன வழியையே ஒட்டிய மற்ற பழைய வழிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்துத் தோற்ற பிறகுதான் அது உண்மை நிலைக்கு வருகிறது. அதற்கு முன்பே, அடிக்கடி வந்து போகும் வழிகளைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கும் ஒரு தண்டனை முறையை 1998-இல் தரப்படுத்தியிருந்தார்கள். 2002-இல் மாவ் முதலானோர் காட்டியது என்னவென்றால், ஒரே ஒரு முறை வந்து போன வழியும் இந்தத் தேடலின் சலசலப்பால் 'அடிக்கடி ஆடுகிறது' என்று முத்திரை குத்தப்பட்டு நெடுநேரம் தண்டனை வாங்குகிறது. ஆட்டத்தை அடக்க வந்தது மீட்சியைத் தாமதப்படுத்தியது. 2006-இல் ஐரோப்பாவின் இணைய நெட்வொர்க் நடத்துநர்கள் கூடும் ரைப் அமைப்பு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2013-இல், தண்டனை தொடங்கும் வரம்பை நன்றாக உயர்த்திக்கொண்டால் பயன்படுத்தலாம் என்று மாற்றிக்கொண்டது. முறை அதேதான், ஒரு எண்தான் மாறியது. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க இவ்வளவு ஆண்டுகள்.

வேகம் தேவைப்படும் இடத்தில் முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வதுதான் நடைமுறையில் வென்ற வழி. இந்த இணைப்பு போனால் அந்தப் பக்கம் தள்ளிவிடு என்று ஒவ்வொரு ரவுட்டரும் முதலிலேயே குறித்து வைத்திருக்கும். பழுது தெரிந்ததும் யாரையும் கேட்காமல் தானே மாற்றிவிடும், மற்றவர்களுக்குச் செய்தி அப்புறம் மெதுவாகப் போகட்டும். பழைய ஒளியிழைத் தொலைபேசி வலைகளிலிருந்து வந்த 50 மில்லிநொடி என்ற இலக்கு இன்றும் அளவுகோலாக நிற்கிறது. இதற்கும் எல்லை உண்டு. தன் பக்கத்து இணைப்பு போனது மட்டுமே ஒரு ரவுட்டருக்குத் தெரியும், பாக்கெட்டில் எதையும் குறித்து அனுப்பக் கூடாது என்றால், வழி மிச்சம் இருக்கும்வரை எப்படியும் கொண்டு சேர்ப்பேன் என்ற உத்தரவாதத்தை எல்லா நெட்வொர்க்குக்கும் தர முடியாது என்று 2012-இல் ஃபைகன்பாம் முதலானோர் நிறுவினார்கள். கோட்பாட்டில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்தப் பக்கம் நல்ல தீனி.

அடுத்தது, உபரி என்று நாம் நினைப்பது உண்மையிலேயே உபரிதானா என்பது. 2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் ஹோவர்ட் தெருச் சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் தீப்பிடித்தது. அந்தச் சுரங்கம் வழியாகப் பல இணைய நிறுவனங்களின் ஃபைபர் போயிருந்தது. வரைபடத்தில் தனித்தனி வழி, மண்ணுக்கடியில் ஒரே குழாய். 2015-இல் 'இன்டர்ட்யூப்ஸ்' என்ற பெயரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்ஃபர்ட் குழு அமெரிக்காவின் நெடுந்தொலைவு ஃபைபர் பாதைகளைத் தொகுத்தபோது, ஏறத்தாழ 90 சதவீதக் குழாய்களைக் குறைந்தது இரண்டு பெரிய நிறுவனங்களாவது பகிர்ந்துகொள்வது தெரிந்தது. கடலடியிலும் இதே நிலைமை: 2006 டிசம்பர் 26 தைவான் நிலநடுக்கத்தில் லூசோன் நீரிணை வழியே போன பல கேபிள்கள் ஒரே இரவில் அறுந்தன. டோங்காவுக்கு வெளியுலகத்தோடு அப்போது ஒரே கடலடிக் கேபிள்தான் இருந்தது. 2022 ஜனவரி 15 எரிமலை வெடிப்பில் அது போனபோது மீட்க ஏறத்தாழ ஐந்து வாரம் ஆனது. இப்படி ஒரே அபாயத்தைப் பகிரும் இணைப்புகளைக் குழுவாகக் கணக்கில் எடுத்து வழி தேடுவது கணித ரீதியாகக் கடினமான பிரச்சினை. ஆனால் நடைமுறையில் அதைவிடக் கடினம், எந்த இழை எந்தக் குழாயில் போகிறது என்ற தகவலே யாரிடமும் முழுதாக இல்லாதது.

வரைபட நோக்கில் ஒரு சின்ன இடைச்செருகல். 2000-இல் ஆல்பர்ட், ஜியோங், பராபாசி மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை மிகப் பிரபலம்: ஏகப்பட்ட இணைப்புள்ள சில முனைகளைக் குறிவைத்துத் தட்டினால் இணையம் சிதறிவிடும் என்ற முடிவு. படிக்கச் சுவையானதுதான். ஆனால் 2005-இல் டாயில் குழு சரியாகவே மறுத்தது. உண்மையான ரவுட்டர் வலையில் அதிக இணைப்புள்ள பெட்டிகள் விளிம்பில், வாடிக்கையாளர்களைச் சேர்க்கும் இடத்தில் இருக்கின்றன. நடுவில் இருப்பவை வேகமானவை, ஆனால் இணைப்பு எண்ணிக்கை குறைந்தவை. பொறியியல் கட்டுப்பாடுகளைப் பார்க்காமல் புள்ளி கோடு மட்டும் வைத்து மீள்திறன் பேசும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் பொழுதுபோக்காகப் படிக்கலாம்.

என்னைக் கேட்டால், இன்றைக்கு மிக முக்கியமான கேள்வி வேறு: நெட்வொர்க்கைச் சரிசெய்யும் வழி அதே நெட்வொர்க்கின் மேல் நிற்கிறதா? 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரத்துக்கு மேல் காணாமல் போயின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுக்க ஒரு தணிக்கைக் கருவி இருந்தது, அதில் பிழை. அடுத்து நடந்ததுதான் நம் தலைப்புக்கு நெருக்கமானது. அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள் (இணையப் பெயரைக் கேட்டால் எண் முகவரியைச் சொல்பவை), தரவு மையங்களோடு பேச முடியவில்லை என்றால் "நான் நலமாக இல்லை" என்று முடிவுகட்டி, தங்கள் முகவரிக்கான பிஜிபி அறிவிப்பைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொள்ளும். ஒரு சர்வர் கெட்டால் இது அருமையான ஏற்பாடு, பயனர்கள் நல்ல சர்வருக்குப் போய்விடுவார்கள். அன்று எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் அதே முடிவுக்கு வந்தன. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, உலகத்துக்கு முகவரிதான் இல்லை. சரிசெய்யும் கருவிகளும் அதே டிஎன்எஸ்-ஐ நம்பியிருந்தன. ஆட்களை நேரில் தரவு மையத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அங்கேயோ உள்ளே நுழையக் கடும் பாதுகாப்பு, நேரம் இன்னும் கூடியது.

2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நெட்வொர்க் விழுந்ததும் இதே ரகம். ஒரு ரவுட்டரில் வடிகட்டி ஒன்றை நீக்கியதால் ரவுட்டிங் தகவல் வெள்ளமாக மையத்தில் கொட்டியது. மேலாண்மை நெட்வொர்க் அதே மையத்தைச் சார்ந்திருந்ததால் பொறியாளர்களால் உள்ளே எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை. அவசர உதவி எண்ணான 911-க்கான அழைப்புகளும் அடிவாங்கின. இரண்டு சம்பவங்களும் பராமரிப்பு நேரத்தில் நடந்தவை என்பதைக் கவனியுங்கள். கூகுள் தன் முடக்க அறிக்கைகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை அலசி 2016-இல் வெளியிட்ட கட்டுரையும் இதையே சொன்னது: பெரும்பங்கு பழுதுகள், யாராவது எதையாவது மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் நடந்திருக்கின்றன. மாற்றத்தைப் போடும் முன்பே கணித ரீதியாகச் சரிபார்க்கும் பேட்ஃபிஷ் போன்ற கருவிகள் இதனால்தான் முக்கியம். இந்தப் பக்கம் ஆராய்ச்சி பகட்டில்லாதது, பலன் பெரிது.

கம்பியில்லா உலகத்தைப் பற்றிக் கொஞ்சம். டவரே இல்லாமல் கருவிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் வலைகள் பேரிடரில் உதவும் என்று நிறையச் சொல்கிறார்கள். குப்தாவும் குமாரும் 2000-இல் காட்டிய எல்லையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: கருவிகள் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வேகம், எண்ணிக்கையின் வர்க்கமூலத்தையொட்டிக் குறைந்துகொண்டே போகும். குறுஞ்செய்திக்குச் சரி, வீடியோவுக்குக் கனவு. 2017-இல் மரியா புயல் புவெர்ட்டோ ரிக்கோவின் செல்பேசி டவர்களில் 95 சதவீதத்தை முடக்கியபோது பெரிய சிக்கலாக இருந்தவை மின்சாரமும் அறுந்த ஃபைபரும்தான். ரேடியோ வழிமுறை எவ்வளவு சாமர்த்தியமானதாக இருந்தாலும் பேட்டரி தீர்ந்தால் தீர்ந்ததுதான். அலைக்கற்றையைப் பங்கிடுவதில் மட்டும் தகவமைவுக்கு உண்மையான வெற்றி கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய அலைக்கற்றைப் போட்டியில், முன்பின் தெரியாத ரேடியோக்கள் ஒரே அலைவரிசையை உரையாடிப் பகிர்ந்துகொண்டன. 2019-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணி வென்றது. அதற்காகக் கட்டிய கொலோசியம் என்ற பெரிய சோதனைக்களம் இப்போது நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இணைப்பு எப்போதும் இருக்கும் என்ற எண்ணத்தையே கைவிடுவது இன்னொரு மரபு. செவ்வாய்க் கோளுக்குச் செய்தி போக 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதில் வந்ததா என்று பார்த்துப் பார்த்து அனுப்பும் டிசிபி (இணையத்தின் வழக்கமான அனுப்பும் முறை) அங்கே செல்லுபடியாகாது. செய்தியை மொத்தமாக வாங்கிச் சேமித்து வைத்து, அடுத்த முனை கண்ணில் படும்போது கைமாற்றிவிடும் பண்டில் புரோட்டோகால் 2007-இல் சோதனை நிலையில் வந்து 2022-இல் தரமானது. விண்வெளிக்காக எழுந்த இந்த யோசனை, கடலடி உணரிகளுக்கும் வலை எட்டாத இடங்களுக்கும் பொருந்துகிறது.

இனி ஏஐ. இது நேற்று முளைத்ததில்லை. பாயனும் லிட்மனும் 1990களின் தொடக்கத்திலேயே வலுவூட்டல் கற்றலால், அதாவது முயன்று பார்த்துப் பலனிலிருந்து கற்கும் முறையால், ரவுட்டிங் செய்து காட்டினார்கள். அதன் பிறகு நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்திருக்கின்றன. சிமுலேஷனில் எல்லாமே ஜெயிக்கின்றன. ஸ்டான்ஃபோர்டின் பஃபர் திட்டம் 2020-இல் செய்தது எளிமையான காரியம்: உண்மையான பயனர்களுக்கு உண்மையான வீடியோவைக் கொடுத்து, இணைப்பின் வேகத்துக்கேற்ப வீடியோவின் தரத்தை எந்த வழிமுறை தேர்வது என்று சீட்டுக் குலுக்கி ஒப்பிட்டார்கள். சிமுலேஷனில் பயிற்சி பெற்ற கற்றல் வழிமுறை, வெறும் சில வரி நிரலில் அடங்கும் பழைய வழிமுறையைத் தெளிவாக வெல்லவில்லை. அதே இடத்தில், உண்மைப் பயன்பாட்டின் தரவிலேயே பயிற்சி பெற்ற கலப்பு முறை வென்றது. ஏஐ பயன்படாது என்று நான் சொல்ல வரவில்லை. பழுது என்பது அரிதாக நடப்பது, ஒவ்வொரு முறையும் புதிதாக நடப்பது. பயிற்சித் தரவில் இல்லாதது அதுதான். அதோடு, ஒரே மாதிரியைப் பயின்ற ஆயிரம் முனைகள் ஒரே கணத்தில் ஒரே முடிவெடுக்கும் அபாயம் 1980களின் ஊசலாட்டத்துக்கு வழிவிடும். கற்றல் பரிந்துரைக்கட்டும், எளிய வரம்புகள் அதைப் பிடித்து வைத்திருக்கட்டும் என்ற ஏற்பாட்டைத்தான் இப்போதைக்கு நான் நம்புவேன்.

புதிதாக வருகிறவருக்கு வேலை தாராளமாக இருக்கிறது. பாதி செத்த பெட்டிகளை எடுத்துக்கொள்ளலாம்: நலம் விசாரித்தால் "நலம்" என்கிறது, ஆனால் நூற்றில் ஒரு பாக்கெட்டை விழுங்குகிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2017-இல் இதைத் தனிப் பிரச்சினையாக வரையறுத்தார்கள். அப்புறம், மூலகாரணம் போன பின்பும் தீராத முடக்கங்கள்: பழுது சரியாகிவிட்டது, ஆனால் காத்திருந்த எல்லோரும் மறுமுயற்சி செய்துகொண்டே இருப்பதால் அமைப்பு எழ முடியாமல் கிடக்கிறது. தாழ்வட்டச் செயற்கைக்கோள் வலைகள் தனி ருசி. சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஒரு செயற்கைக்கோள் தரையிலிருந்து சில நிமிடங்களே தெரியும். வலையின் உருவம் நொடிக்கு நொடி மாறுகிறது, ஆனால் எப்படி மாறும் என்பது முன்பே தெரியும். எவ்வளவு முன்கூட்டிக் கணக்கிடலாம், எதை அந்த நேரத்துக்கு விடலாம் என்பது திறந்தே கிடக்கிறது.

தலைப்பு எதுவானாலும், உங்கள் முறையைச் சராசரியில் அளக்காமல் மிக மோசமான ஒரு சதவீதத்தில் அளந்து காட்டுங்கள்; நீங்கள் எதிர்பார்த்த பழுதைக் கொடுத்துப் பார்த்தபின், எதிர்பார்க்காத ஒன்றையும் கொடுத்துப் பாருங்கள். கணினிக்குள்ளேயே நெட்வொர்க்கை ஓட்டிப் பார்க்கும் மினிநெட், என்எஸ்-3 போன்றவை இலவசம், ஆரம்பத்துக்குப் போதும். அவற்றோடு நின்றுவிட வேண்டாம். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரூட்வியூஸ், ரைப் அமைப்பின் சேகரிப்பு இரண்டிலும் பிஜிபி பதிவுகள் ஆண்டுக்கணக்கில் திறந்த நிலையில் கிடக்கின்றன. 2008 பிப்ரவரி 24-ஆம் தேதிப் பதிவை இறக்கிப் பாருங்கள். யூடியூபின் முகவரித் தொகுதியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தான் டெலிகாம் தன்னுடையது என்று அறிவித்தது, அது எந்த நிமிடத்தில் எங்கெல்லாம் பரவியது, யூடியூப் அதைவிடக் குறுகிய தொகுதிகளை அறிவித்துப் போக்குவரத்தை எப்படித் திரும்ப இழுத்தது என்பதெல்லாம் வரிவரியாக அதில் இருக்கிறது.